ஜஸ்னாவின் எட்டு நாட்கள்

"ஜஸ்னா இருக்காங்களா?"

வாசலில் நின்ற பெண் இப்படிக் கேட்டபோது காலை பதினோரு மணி இருக்கும். மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு நான் கதவைத் திறந்திருந்தேன். அந்தப் பெயரைச் சொல்லி என் வாசலில் யாரும் கேட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன.

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் உமா மகேஸ்வரிம்மா. சென்னையிலேருந்து ஹெல்த் சர்வேக்கு வந்திருக்கேன். ரெண்டு மாசம் முன்னாடி ஜஸ்னா எச்சில் சாம்பிள் குடுத்திருந்தாங்க. அவங்களை நேர்ல பார்க்கணும்."

"எந்த ஜஸ்னா?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "மீரான் பாய் மக. இருபத்தாறு வயசு."

வயது சரியாக இருந்தது. அதுதான் என்னைக் கவிழ்த்தது. எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கணம் நான் நம்பினேன். ஜஸ்னா உயிரோடு இந்த ஊரிலேயே எங்கோ இருக்கிறாள், இந்தப் பெண்ணிடம் எச்சில் கொடுத்திருக்கிறாள், என்னைப் பார்க்க மட்டும்தான் வரவில்லை என்று நம்பினேன். என்னைப் பார்க்க வராததும் நியாயம்தான் என்றும் அந்த ஒரு கணத்துக்குள் நினைத்துவிட்டேன். அவள் போனது என்னால்தான் என்பது எனக்குத் தெரியும்.

"எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

"நான் பார்க்கலம்மா. பாய்தான் கடையில வச்சு டியூப், புஸ்தகம் எல்லாம் வாங்கிட்டுப் போய், எட்டு நாள் கழிச்சுத் திருப்பிக் குடுத்தாரு. பொண்ணு வெளியாள் முன்னால வராது, கூச்ச சுபாவம்னாரு." அவள் எனக்குப் பின்னால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. அவங்களுக்கு வீட்ல ஏதாவது கஷ்டமா? யாராவது அடிக்கிறாங்களா?"

"அவ மௌத்தாயிட்டா."

"யாரு?"

"நீ தேடி வந்த ஆளு. சுனாமியில. ஹட் பேயில. அப்ப அவளுக்கு ஆறு வயசு."

உமா மகேஸ்வரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீடு அபர்டீன் பஜாருக்கு மேலே ஏறும் சந்தில் இருக்கிறது. கீழே ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"அப்ப இது யாரோட எச்சில்மா?"

அது எப்படி நடந்தது என்பதை நான் அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போதுதான் எனக்கே பிடிபட்டது.

எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஒவ்வொரு நோன்புக்கு முன்னும் ஒரு துண்டுத்தாள் கொடுப்பார்கள். குடும்பத்தில் இருப்பவர்களின் பெயரையும் வயதையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். என் கணவர் மூன்று பெயர் எழுதுவார். அவர் பெயர், என் பெயர், ஜஸ்னா. ஏழு, எட்டு, ஒன்பது என்று வருடா வருடம் அவள் வயதைக் கூட்டியும் எழுதுவார். எனக்குத் தெரியும். ஜமாஅத்தாருக்கும் தெரியும். ஹட் பேயிலிருந்து இந்தத் தீவுக்கு வெறும் கையோடு கப்பலேறி வந்தவரிடம் போய் அந்தப் பெயரை அடியுங்கள் என்று யார் சொல்வது? காணாமல் போனவர்களை இறந்தவர்களாக அறிவிக்க அரசாங்கம் பாரம் கொடுத்தபோதும் அவர் வாங்கவில்லை. மையித்து கிடைக்காதவர்களுக்காகத் தொழுத தொழுகையிலும் அவளுக்காக நிற்கவில்லை. பாவம், எழுதிவிட்டுப் போகட்டும் என்று எல்லோரும் விட்டோம். அந்தத் தாளில் வளர்ந்து வளர்ந்து அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள்.

"ஜமாஅத் லிஸ்ட்தான் எங்களுக்குக் குடுத்தாங்க," என்றாள் உமா. "ஒரு வீட்டுக்கு ஒரு ஆள். இருபத்தஞ்சு வயசுக்கு மேல. யாருன்னு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி எடுக்கும். உங்க வீட்ல இவங்க பேரு வந்துச்சு."

சீட்டுக் குலுக்கி எடுத்தார்களாம். கடல் எடுத்துக்கொண்டு போன பிள்ளையை ஒரு இயந்திரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.

அவள் ஆராய்ச்சியையும் எனக்குச் சொன்னாள். தினசரிக் கவலைகள் உடம்பை என்ன செய்கின்றன என்று பார்க்கிறார்கள். பெரிய துயரங்கள் அல்ல, சின்னச் சின்னவை. பஸ் வராதது, தண்ணீர் வராதது, பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படி ஆயிரம் வீடுகளில். கவலைப்பட்டால் உடம்பில் கார்டிசால் என்று ஒன்று கூடுகிறதாம், அது எச்சிலிலும் தெரியுமாம். எழுந்ததும், அரை மணி கழித்து, மத்தியானம், படுக்கும் முன், நான்கு முறை ஒரு பஞ்சுச் சுருளை மென்று டியூப்பில் போட வேண்டும். கூடவே ஒரு புத்தகம். அன்றைக்கு என்ன நடந்தது என்று மாலையில் அதில் எழுத வேண்டும்.

"எல்லாருக்கும் விடிஞ்சதும் ஏறும்மா. அப்புறம் ராத்திரி வரைக்கும் இறங்கிட்டே வரும். இவங்களுக்கு ஏறவுமில்ல, இறங்கவுமில்ல. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. எட்டு நாளும். இருபத்தாறு வயசுப் பொண்ணுக்கு இப்படி வரக் கூடாதே, போய்ப் பாத்துட்டு வான்னு எங்க டாக்டர் அனுப்பினாங்க." அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "நேர்ல பார்க்காம குடுத்தது என் தப்பு. கையெழுத்தை வீட்ல வாங்கிட்டு வரேன்னாரு. எனக்கும் மறுநாள் கப்பல், ரங்கத் போகணும். நம்பிட்டேன். நல்லாப் பேசினாரு. துப்புறதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியாம்மா, எங்க பஜார்ல ரோடு பூராவும் ஆராய்ச்சிதான், அள்ளிட்டுப் போங்கன்னாரு."

அது என் கணவர்தான். அப்படித்தான் பேசுவார். எங்கள் ஃபேன்சி ஸ்டோருக்கு வளையல் வாங்க வரும் பெங்காலிப் பெண்கள்கூட அவர் பேச்சுக்குச் சிரிப்பார்கள். வீட்டில் அவ்வளவு பேச்சு இல்லை.

"அந்தப் புஸ்தகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"காட்டக் கூடாதும்மா."

"யாரோடதைக் காட்டக் கூடாது?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட நோட்டைவிடச் சின்னது. மேலே பெயருக்குப் பதில் எண் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரே கேள்விகள் அச்சிட்டிருந்தன. இன்று யாருடனாவது சண்டை வந்ததா? சண்டை வந்திருக்கலாம், ஆனால் விட்டுவிட்டீர்களா? வேலை இடத்தில் ஏதாவது? வீட்டில் ஏதாவது? உங்களுக்கு நெருங்கியவருக்கு நடந்த ஏதாவது உங்களைப் பாதித்ததா? எவ்வளவு? இல்லை, கொஞ்சம், அதிகம், மிக அதிகம்.

என் கணவரின் கையெழுத்து. கடைச் சிட்டையில் எழுதுவதுபோல் எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. பச்சை மை.

முதல் நாள். "உம்மாவோடு சண்டை. துப்பட்டாவை அயர்ன் பண்ணவில்லை என்று. கொஞ்சம்."

இரண்டாம் நாள். "கப்பல் டிக்கெட் கவுண்டரில் என்னிடம் ஒரு ஆள் கத்தினான். கேம்ப்பல் பே கப்பல் கேன்சல். அதற்கு நானா பொறுப்பு? அதிகம்."

என் மகள் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை, பிடித்து வைத்திருந்த அவள் பக்கெட்டை உம்மா எடுத்துக் குளித்துவிட்டாள். நான்காம் நாள் அவளுக்கு வீட்டில் யாரோடும் எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் வாப்பாவுக்குக் கால் வீக்கம், டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்பதில்லை, அதனால் கவலை. ஆறாம் நாள் உம்மா விம்பர்லிகஞ்ச்சில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகப் பேச்செடுத்தாள். "எனக்கு இப்போது வேண்டாம் என்றேன். உம்மா அழுதாள். அதிகம்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். உமா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் அப்படித்தான் அழுதிருப்பேன். அந்தப் பக்கெட்டையும் நிச்சயம் எடுத்திருப்பேன். எட்டு மாலைகள் என் கணவர் கடையில் உட்கார்ந்து, எங்களுக்குக் கிடைக்காத சண்டைகளை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். நான் அவருக்கு எதிரில் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமல். அவர் பல் விளக்குமுன் பஞ்சை மென்றதைக்கூட நான் பார்க்கவில்லை.

"எப்படிம்மா போனாங்க?" என்று உமா மெதுவாகக் கேட்டாள்.

சொன்னேன். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் பூமி ஆடியது. ஹட் பேயில் எங்கள் வீட்டின் சுவர் பிளந்தது. என் கணவர் வெளியே போயிருந்தார். பின்பக்கத்து வீட்டு அங்கம்மாவின் கால்மேல் அலமாரி விழுந்து அவள் அலறினாள். ஜஸ்னாவைக் கட்டிலில் உட்கார வைத்து, இங்கேயே இரு, அசையாதே என்று சொல்லிவிட்டு நான் பின்கதவு வழியாக ஓடினேன். தாழ் போடவில்லை. அலமாரியைத் தூக்கி அங்கம்மாவை இழுத்து வெளியே போட்ட நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. காட்டு மேட்டில் என் கணவரைப் பார்த்தபோது, புள்ள எங்க, வீட்டுக்குள்ளதானே விட்டேன் என்று கேட்டேன். நான் போய்ப் பார்த்தேன், வீட்டில் யாரும் இல்லை, பின்கதவு திறந்து கிடந்தது என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. என்னைத் தேடி அந்தக் கதவு வழியாக வெளியே வந்திருக்கிறாள். நான் தாழ் போட்டிருந்தால் வந்திருக்க மாட்டாள். அவர் வந்து தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். இதை நான் இருபது வருடமாகத் தினமும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே விடை.

"உங்க தப்பு இல்லம்மா," என்றாள் உமா. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

ஏழாம் நாள் பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரு கோடு இழுத்திருந்தார். நான் எட்டாம் நாளைத் திருப்பினேன்.

சண்டை வந்திருக்கலாம், ஆனால் விட்டுவிட்டீர்களா? அந்தக் கேள்விக்குக் கீழே இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்.

"ஆம். வாப்பாவோடு. கடையில் ஜாடி உடைந்திருக்கிறதா ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று வாசல் வழியாக என்னை அனுப்பியது நீங்கள்தானே, உம்மாவிடம் ஏன் பின்கதவு என்று சொன்னீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மிக அதிகம்."

மறுபடி படித்தேன். எழுத்துகள் தெரிந்தன, பொருள் ஏறவில்லை. உமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"முழுசாப் படி," என்றேன்.

படித்தாள்.

ஹட் பேயில் எங்கள் கடை ஜெட்டிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து இருந்தது. மிட்டாய் ஜாடிகள், பிஸ்கட் ஜாடிகள் எல்லாம் கண்ணாடி. வீட்டிலிருந்து இருநூறு அடி. ஜஸ்னா தினமும் ஓடிப் போய் வரும் தூரம்தான்.

உமா என்னை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். அடுப்பில் வைத்த சோறு தீய்ந்த வாசனை வந்தது, அவள்தான் போய் அணைத்தாள். என் கணவர் மத்தியான லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட வரும்வரை அவளும் அங்கேயே இருந்தாள்.

அவர் செருப்பைக் கழற்றும்போதே அவளைப் பார்த்துவிட்டார். என் மடியில் இருந்த புத்தகத்தையும் பார்த்தார். ஓட நினைப்பவர்போல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உமாம்மா," என்றார். "பேரை எடுத்துருவீங்களா?"

அதுதான் அவருடைய முதல் கேள்வி. என் பக்கம் திரும்பவே இல்லை.

"எடுத்துத்தான் ஆகணும் பாய். இல்லாத ஆளை வச்சுக்க முடியாது."

"ஆயிரம் பேர்ல ஒரு ஆளு. யாருக்குத் தெரியும்? இருந்துட்டுப் போகட்டுமே. பேரு கூட இல்ல, வெறும் நம்பர்தானே?"

"பாய், அந்த எச்சில் உங்களோடதுதானே?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப முதல்ல கையைக் குடுங்க." அவள் பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். அவளுக்கும் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். பட்டை உப்பியது. அவர் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். அப்போது நான் கேட்டேன்.

"நீங்கதான் அனுப்புனீங்களா?"

அவர் பட்டையையே பார்த்தார்.

"உங்களைத்தான். நீங்கதானா?"

"ஜாடி உடைஞ்சிருக்கும்னு…" என்றார். "ஆடினதுதான் நின்னுருச்சே ரஹ்மத்து. தண்ணி வரும்னு யாருக்குத் தெரியும்? சும்மா பார்த்துட்டு வா, வாப்பா பின்னாலயே வந்துருவேன்னு… சிரிச்சுக்கிட்டே போச்சு."

கருவி பீப் என்றது. உமா எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். மேல் அளவு இருநூற்று எட்டு.

"பின்கதவுன்னு சொன்னீங்க."

"அது திறந்துதான் கிடந்துச்சு."

"அது திறந்து கிடந்துச்சு!" நான் கத்தினேன். சந்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "இருபது வருஷம்! நான் ஒவ்வொரு தடவையும் தாழ் போட்டுட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறப்ப நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டுப் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? எனக்குப் பைத்தியம்னு உங்க தங்கச்சி சொன்னாளே, அப்பவாவது வாயைத் திறந்தீங்களா?"

"அன்னிக்கு மேட்டுல நீ என்னைப் பார்த்த பார்வையில… அப்படியே சொல்லிட்டேன். மறுநாள் சொல்லிரலாம்னு நினைச்சேன். மறுநாள் நீயே சொல்லிட்ட, நான்தான் கதவை விட்டேன்னு. எல்லாரும் உன்னைத் தேத்துனாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"இவங்க புஸ்தகத்துல மட்டும் சொல்ல முடிஞ்சுதோ?"

"நான் சொல்லல," என்றார். "அது கேட்குதுன்னு எழுதினேன்."

உமா எழுந்து நின்றாள். பாய், இந்த அளவுக்கு இப்பவே ஆஸ்பத்திரி போகணும், ஆட்டோ கூப்பிடறேன் என்றாள். நான் ஆட்டோவில் அவர் பக்கத்தில் ஏறவில்லை. உமாதான் கூட்டிப் போனாள். தீய்ந்த சோற்றுச் சட்டியை ஊறப்போட்டுவிட்டு, அன்று மாலை வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது. ஒரு கட்டடத்தின் அடியில் இருபது வருடம் முட்டுக்கொடுத்து நின்றவளிடம், இது உன் வீடே இல்லை, நீ போகலாம் என்று சொன்னதுபோல் இருந்தது. முட்டுக்கொடுத்த தோளை விலக்கத் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். ஆறு மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். உமா இன்னொரு முறை வந்து ஒரு தாளைக் காட்டினாள். ஆளை நீக்குவதற்கான காரணத்தில் குறி போட வேண்டும். ஊர் மாறிவிட்டார், விருப்பமில்லை, இறந்துவிட்டார். மூன்றாவதில் போட வேண்டுமானால் சான்றிதழ் எண் கேட்கும் என்றாள். அல்லது சும்மா விருப்பமில்லை என்று போட்டுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

"விருப்பமில்லைன்னு போடும்மா," என்றார் அவர் அவசரமாக.

"வேண்டாம்," என்றேன். "சான்றிதழ் வாங்கித் தரோம்."

"ரஹ்மத்து, வேண்டாம்."

"நீங்கதான் வாங்கித் தருவீங்க. நான் கூட வருவேன். பேச மாட்டேன்."

இத்தனை வருடம் கழித்துப் பதிவு செய்வது லேசான வேலையில்லை. அலைந்தோம். அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால். கடைசியில் அக்டோபரில் ஒருநாள் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். மின்விசிறி ஓடும் சின்ன அறை. மேசைக்குப் பின்னால் நடுவயது அதிகாரி, சுவரில் தீவுகளின் வரைபடம். இந்தியில்தான் கேட்டார். முதலில் என்னைப் பார்த்து, குழந்தையைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார்.

என் வாய் வழக்கமான பதிலுக்குத் திறந்துகொண்டது. மை என்றுகூடச் சொல்லிவிட்டேன். நான். இருபது வருடப் பழக்கம். பிறகு மூடிக்கொண்டேன்.

அதிகாரி பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போலியே," என்றார். சொல்லுங்கள்.

என் கணவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மைனே தேகா, சாப்," என்றார். "துகான் பேஜா தா. மைனே பேஜா."

நான்தான் பார்த்தேன். கடைக்கு அனுப்பினேன். நான் அனுப்பினேன். என்னிடம் தமிழில் சொல்ல முடியாததை அவர் யாரோ ஒருவரிடம் இந்தியில் சொன்னார். அதிகாரி தலைநிமிரவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டார். என் கணவர் நேரத்தைச் சொன்னார். எந்தக் கதவு வழியாகப் போனாள் என்று அந்த அதிகாரி கேட்கவில்லை, அவருக்கு அது தேவையில்லை.

"ஸாம்னே கா தர்வாஸா," என்றார் என் கணவர், கேட்காமலே. முன்வாசல்.

அதிகாரி அதையும் எழுதினார். அவர் எழுதி முடித்து, புள்ளி வைக்கும்வரை நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.